திருநீறு போட்டுத் தேய்த்த வெள்ளி

வாணி, ஏய் கலைவாணி... நீ இருந்திருந்தால் இதை எழுத விட்டிருக்க மாட்டாய். "ஊருக்கெல்லாம் எதுக்கு சசி சொல்ற?" என்று பேனாவைப் பிடுங்கியிருப்பாய். பிடுங்க ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு முதல் நாள் மதியம். ஈப்போ ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வீட்டுக்குப் போய் வரலாம் என்று விட்டிருந்தார்கள். என் கம்பளித் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு, சன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள் வாணி. வெளியே தேயிலைச் சரிவில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. அடுப்படியில் அம்மா முறுக்கு பிழிகிற சத்தம்.

நான் ஒரு பித்தளைத் தட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு போனேன்.

"கண்ண மூடு."

"என்னா லா, சின்னப் புள்ள மாதிரி."

"மூடு லா."

மூடினாள். தட்டை மடியில் வைத்தேன். திறந்து பார்த்தாள். அவளுடைய ஐந்து வெள்ளிக் காசுகளும் பளபளவென்று மின்னின. ஐந்தையும் நான்தான் முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து தேய்த்திருந்தேன்.

விரலை நீட்டி ஐந்தையும் எண்ணினாள்.

"எல்லாத்தையுமா?"

"அஞ்சையும். ஒண்ணு விடல."

"எதப் போட்டுத் தேச்ச?"

"திருநீறு. போகாத எடத்துக்குக் கொஞ்சம் பல்லு விளக்குற பசை."

ஒரு காசை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு தட்டில் மெதுவாக வைத்தாள், சத்தம் வராமல்.

"நல்லா இருக்கு சசி. நான் கொஞ்சம் படுக்கிறேன்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பயணக் களைப்பு என்று நினைத்தேன். கோழி வாங்க மோட்டார் சைக்கிளில் ரிங்லெட்டுக்கு இறங்கியபோது வழியெல்லாம் விசில் அடித்துக்கொண்டே போனேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

அந்தக் காசுகளை நான் கெடுத்துவிட்டேன் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்தபோது அவள் இல்லை. பொங்கலைப் பார்க்காமலே போய்விட்டாள். என் மேல் கோபத்தை வைத்துக்கொண்டு போனாளா, இல்லையா? பல மாதங்கள் எனக்குள் இருந்தது இந்த ஒரு கேள்விதான். இந்த வாரம் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

பத்து சென் அளவு

இரண்டு வாரத்துக்கு முன்னால் இந்தத் தொடரில், என் மனைவி டச்சுக்காரன் காசு சேர்த்தவள் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். மறுநாளே ரிங்லெட் டவுனில் முட்டைக்கோசு லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர் வண்டியை நிறுத்தி, "தம்பி, தங்கமா?" என்றார்.

தங்கம் இல்லை அண்ணே. வெள்ளி. அதுவும் கலப்பு வெள்ளி. நம்முடைய பத்து சென் காசு அளவுதான் இருக்கும். ஊதினால் பறந்துவிடுமோ என்கிற மாதிரி மெல்லிசு. ஒரு பக்கம் கிரீடம் வைத்த கேடயம், அதன் இரண்டு பக்கமும் மதிப்பைக் காட்ட ஒரு இரண்டும் ஒரு எஸ் எழுத்தும். மறுபக்கம் மாநிலத்தின் பெயரை மூன்று வரியாக உடைத்து உடைத்து எழுதி, கீழே வருஷம் போட்டிருக்கும். எல்லாம் முந்நூறு வருஷத்துப் பக்கம் ஆனவை.

ஆறு மாநிலம், ஆறு விதக் காசு என்று வாணி சொன்னதும் எனக்குப் புரியவில்லை. நான் பதினைந்து வயதில் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன்.

"டச்சுக்காரன் ஊரு ஒண்ணுதான? காசு மட்டும் எப்படி ஆறு விதம்?" என்று கேட்டேன்.

"இப்ப நம்ம பகாங் மாநிலம் தனியா, பேராக் மாநிலம் தனியா காசு அடிச்சா எப்படி இருக்கும்? அப்படித்தான். அளவு ஒண்ணு, மதிப்பு ஒண்ணு. படம் மட்டும் அவங்கவங்க படம்."

"அப்ப பேராக் பக்கம் தாப்பா எறங்கினா காச மாத்தணுமா?"

"உன்ன மாதிரி ஆளுக்கு மாத்திக் குடுத்துட்டே இருக்க வேண்டியதுதான்."

ஹாலந்து காசில் ஒற்றைச் சிங்கம். ஜீலாந்தில் சிங்கம் பாதி உடம்போடு அலையிலிருந்து எழும்பும். மேற்கு ஃபிரீஸ்லாந்தில் இரண்டு சிங்கம், ஒன்றன் மேல் ஒன்று. உட்ரெக்ட், கெல்டர்லாந்து இரண்டும் உண்டு. ஆறாவது ஓவரைசல் என்ற மாநிலம். அதுதான் கிடைக்கவில்லை. மரப்பெட்டியில் ஆறு குழி வெட்டி, பச்சை வெல்வெட் ஒட்டியிருந்தாள். ஆறாவது குழி காலி.

நாம் பணத்துக்கு மலாயில் 'டூயிட்' என்று சொல்கிறோமே, அதுவும் டச்சுக்காரன் செப்புக்காசின் பெயர்தானாம். அவள் சொல்லித்தான் தெரியும். அதன் பிறகு கொஞ்ச நாள் பிரிஞ்சாங் பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் யார் "டூயிட்" என்றாலும் என் இடுப்பில் இடிப்பாள்.

பெண் பார்க்கப் போன இடத்தில்

அவள் மலாக்காவில் பிறந்து வளர்ந்தவள். ஹமீது பாய் என்பவரின் பழஞ்சாமான் கடையில் பதினேழு வயதிலிருந்து வேலை. உடைந்த கடிகாரம், வெற்றிலைப் பெட்டி, பீங்கான் தட்டு எல்லாம் துடைத்து அடுக்குகிற வேலை. ஒரு நாள் ஏதோ பழைய வீட்டிலிருந்து வந்த ஆணி டப்பாவைக் கொட்டியபோது, ஆணிக்கு நடுவில் ஜீலாந்துக் காசு இருந்ததாம். "அந்த மாசச் சம்பளத்துல கழிச்சுக்குங்க பாய்" என்று அங்கேயே வாங்கிவிட்டாள். அப்படி ஆரம்பித்தது.

தூரத்துச் சொந்தம் ஒருவர் பேச்சு எடுத்து, அம்மாவும் நானும் மலாக்காவுக்குப் போனோம். கேசரி வந்தது, தேத்தண்ணி வந்தது. தனியாகப் பேசட்டும் என்று பெரியவர்கள் நகர்ந்தார்கள். எனக்குச் சட்டைக் காலர் வேர்த்தது. அவள் முதலில் கேட்ட கேள்வி இதுதான்:

"உங்க வீடு ரொம்ப ஈரமா?"

குளிருக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து, "கம்பளி நெறய இருக்கு. ரெண்டு வாங்கித் தரேன்" என்றேன்.

"எனக்கில்ல. இதுக்கு" என்று பெட்டியைத் திறந்து காட்டினாள்.

பஸ்ஸில் திரும்பும்போது அம்மா தலையில் கை வைத்துக்கொண்டது. "செத்துப்போனவன் காச வீட்டுல வச்சிருக்காளேடா. டச்சுக்காரன் ராவுல வந்து கேட்டா என்னா பண்ணுவ?"

"தமிழ் தெரியாதுன்னு சொல்லிடலாம்மா."

அம்மா முறைத்தது. ஆனால் சம்மதித்தது. கல்யாணம் ஆன பிறகு வாணி கியா பார்மில் ஸ்ட்ராபெரி விற்கிற கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். எனக்கு எஸ்டேட்டில் இலை வெட்டும் மெஷின். மெஷினின் இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு சரிவில் ஏற வேண்டும். சாயங்காலம் கை நடுங்கும். அந்தக் கையோடு காசைத் தொட விடமாட்டாள். அவளே ஓரத்தைப் பிடித்து எடுத்து என் கண்ணுக்கு நேராகக் காட்டுவாள். அம்மா எதிரில் "ஏங்க", நாங்கள் தனியாக இருந்தால் "சசி". இரண்டு வருஷம் அப்படி இருந்தோம். இரண்டே வருஷம்.

கறுப்பு

அந்தக் காசெல்லாம் கறுப்பு. முழுக் கறுப்பு இல்லை. ஓரத்தில் நீலம், நடுவில் பழைய இரும்பு நிறம், வெளிச்சத்தில் சாய்த்தால் சிங்கத்தின் முதுகில் ஒரு கோடு மட்டும் மின்னும்.

"துடைக்கலாம்ல?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"அது அப்படித்தான் இருக்கணும்" என்றாள்.

சொன்னாள். ஒரே ஒரு தடவை என்றாலும் சொன்னாள். நான்தான் அதைச் சோம்பலுக்குச் சொல்கிற சாக்கு என்று எடுத்துக்கொண்டேன். இதை மறைத்து எழுத எனக்கு இஷ்டம் இல்லை.

அவளுக்கு ரத்தத்தில் நோய் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்த பிறகு, தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்ய அம்மாவும் நானும்தான். எங்கள் எஸ்டேட் லைனில் வரிசையாக இருக்கிற எல்லா வீட்டிலும் தீபாவளிக்கு முன்னால் விளக்கு, சொம்பு, தட்டு எல்லாம் வெளியே வந்துவிடும். பித்தளைக்குப் புளி, வெள்ளிக்குத் திருநீறு. குழாயடியில் வரிசையாக உட்கார்ந்து தேய்ப்போம்.

அப்போது அம்மா சொன்னது. "அவ காசு எல்லாம் கறுத்துக் கெடக்குதேடா. நோவாளி இருக்கிற வீட்டுல வெள்ளி கறுக்கக் கூடாது. சின்னதுல ஒன் இடுப்புல கட்டுன வெள்ளிக் கொடி கறுத்தாலே காச்சல் வரப்போகுதுன்னு தெரிஞ்சுக்குவேன். தேச்சு வெளுத்துட்டா காச்சலும் எறங்கிரும்."

அம்மாவைக் குறை சொல்லவில்லை. எங்களுக்கெல்லாம் அது தெரிந்த விஷயம். குழந்தை உடம்பில் வெள்ளி கறுத்தால் உடம்பு சரியில்லை. எந்த வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள்.

அதைக் கேட்ட பிறகு என் கை நிற்கவில்லை. திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து, பழைய பனியன் துணியில் தொட்டுத் தேய்த்தேன். துணியில் கறுப்பு இறங்கியது. இறங்க இறங்க, அவள் உடம்பிலிருந்து இறங்குகிற மாதிரி இருந்தது எனக்கு. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தேய்த்தேன். ஐந்தாவது காசு வெளுத்தபோது எழுந்து நின்று சாமி படத்தைக் கும்பிட்டேன்.

போனில் வந்த பதில்

அவள் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போனைத் திறந்தேன். பழங்காசு சேர்க்கிறவர்கள் குழு ஒன்றில் இருந்தாள். ஆறாவது காசையாவது வாங்கி அந்தக் குழியை நிரப்பிவிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. ஐந்தையும் படம் எடுத்துப் போட்டு, ஓவரைசல் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

முதல் பதில் ஒரு அழுகிற முகம். அடுத்தது, "ஐயோ, யாரு இந்தக் காசக் கொன்னது?" மூன்றாவது ஆள் பொறுமையாக எழுதியிருந்தார். பழைய வெள்ளியின் கறுப்பு அழுக்கு இல்லை, அது காசின் தோல் மாதிரி. அந்தத் தோல் வர நூறு வருஷத்துக்கு மேல் ஆகும். அதைத் தேய்த்தவன் காசைத் தேய்க்கவில்லை, அந்த வருஷங்களைத் தேய்த்துவிட்டான் என்று.

போனைக் கவிழ்த்து வைத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த அவள் முதுகு கண்ணுக்குள் வந்து நின்றது. அன்றைக்குக் களைப்பு இல்லை. வேறு ஏதோ.

அதன் பிறகு மெஷினைப் பிடித்தாலும் என் நினைப்பு அதில் இல்லை. மெஷின் பிடிக்கிற கூட்டாளி நேபாளத்துக்காரன், அவனே ஒரு நாள், "அண்ணா, லீவு போடு. கால வெட்டிக்குவே" என்றான். எஸ்டேட் ஆபீஸ் கிராணியிடம் மூன்று நாள் லீவு கேட்டு மலாக்காவுக்கு பஸ் ஏறினேன். அவள் மனதில் என்ன இருந்தது என்று தெரிந்த ஒரே ஆள் அங்கேதான் இருந்தார்.

ஹமீது பாய் சொன்னது

"வாங்க மாப்ள" என்று எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார் பாய். வாணிக்கு அப்பா இல்லை. அதனால் இவர் என்னை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். பாலில்லாத தே ஓ வந்தது. நான் பெட்டியைத் திறந்து முன்னால் வைத்தேன்.

கழுத்தில் தொங்கிய லென்ஸைக் கண்ணில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"மாப்ள, இது என்னா கொழம்புச் சட்டியா? இந்தத் தேய் தேச்சிருக்கீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வருஷத்துல கடைசி ரெண்டு நம்பரு இருந்துச்சே, அது எங்க?"

"துணியில போச்சு பாய்."

"அலையக் காணோம். சிங்கம் தரையில நிக்குது." லென்ஸை இறக்கினார். "அந்தப் புள்ள சொன்னப்ப நான் இவ்வளவுன்னு நெனைக்கல."

நான் நிமிர்ந்தேன். "சொன்னாளா? என்னா சொன்னா பாய்?"

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுச்சு."

"அவளே இல்ல பாய். சொல்லுங்க."

அவர் தேத்தண்ணியை ஆற்றினார். ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"யாவாரத்துல கொஞ்சம் பொய் சொல்லுவேன் மாப்ள. மவுத்தானவங்க விஷயத்துல சொல்ல மாட்டேன். அழுதுச்சு. அன்னிக்கு மத்தியானம் போன் போட்டு அர மணி நேரம் அழுதுச்சு. 'எல்லாம் போச்சு பாய், மொட்ட அடிச்சு வச்சிருக்காரு'ன்னுச்சு. 'மாடு பாய் அது, சரியான எஸ்டேட்டு மாடு'ன்னு ஒரே ஏச்சு."

மாடு என்றதும் அவள் குரல் அப்படியே காதில் கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவன் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியாது. பாய் எழுந்து கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்தார்.

"முழுசாக் கேளுங்க. மூணு நாள் கழிச்சு மறுபடி கூப்பிட்டுச்சு. தேச்ச வெள்ளி திரும்பக் கறுக்குமா பாய்னு கேட்டுச்சு. கறுக்கும்மா, அவிச்ச முட்டைய உள்ள வச்சு மூடுனா ஒரே நாள்ல கறுக்கும், ஆனா அது வேஷம்னேன். நெசக் கறுப்பு வேணும்னா ஒருத்தரும் தொடாம சும்மா விடணும், பத்து பதினஞ்சு வருஷமாவது ஆகும்னேன்."

"அதுக்கு?"

"'பதினஞ்சு வருஷமா'ன்னுச்சு. அப்பறம் சிரிச்சுச்சு. 'அவ்வளவு நாளு நான் எங்க இருக்கப் போறேன் பாய்? அவரு இருப்பாரு. சும்மா இருக்கிறதுதான் அவருக்கு வராது, இதுக்காகவாச்சும் பழகட்டும்'னுச்சு."

"எங்கிட்ட ஏன் பாய் சொல்லல?"

"அதக் கேக்காம விடுவேனா? 'எதுக்குத் தேச்சாருன்னு அத்த சொல்லிட்டாங்க பாய். தேச்சா என் நோவு போயிடும்னு தேச்சிருக்காரு. நோவு போகலன்னு அவருக்கே கொஞ்ச நாள்ல தெரிஞ்சுரும். அதோட காசயும் கெடுத்தோம்னு தெரிஞ்சா அந்த ஆளு தாங்க மாட்டாரு. ஒண்ணு ஒண்ணாத் தெரியட்டும்'னுச்சு."

நான் கேட்க வந்ததைக் கேட்டேன். "கோவம் போயிடுச்சா பாய்?"

"அந்தப் புள்ள மனசுக்குள்ள நான் போய்ப் பாக்கல மாப்ள. சிரிச்சுச்சு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

ஓவரைசல் காசு அவரிடமும் இல்லை. கிடைத்தால் கூப்பிடுகிறேன் என்றார். நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை.

திரும்பவும் அந்த நான்கு நாள்

மலாக்காவிலிருந்து திரும்புகிற பஸ்ஸில் அவள் போனை எடுத்து, பாய்க்கு எப்போதெல்லாம் பேசியிருக்கிறாள் என்று பார்த்தேன். முதல் அழைப்பு நான் விசில் அடித்துக்கொண்டு கோழி வாங்கப் போன அந்த நேரம்தான். இரண்டாவது, அவளை ஆஸ்பத்திரிக்குத் திரும்பக் கூட்டிப்போன நாள் காலையில்.

நடுவில் மூன்று நாள் அவள் என் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. தீபாவளி விடியலில் அவள் தலையில் நான் எண்ணெய் வைத்துவிட்டபோதும் கண்ணை மூடிக்கொண்டே இருந்தாள். மருந்து வேகம் என்று நினைத்துக்கொண்டேன். இல்லை. கோபத்தை என் முன்னால் காட்டாமல் இருக்கப் பாடுபட்டிருக்கிறாள்.

நான்காம் நாள் வாடகைக் கார் எடுத்தோம். கியா பார்மில் வழக்கமான நெரிசல், ஒரே சுற்றுலாக்காரர்கள். கார் நகரவில்லை. வாணி பின் சீட்டில் என் பக்கத்தில் இருந்தாள். கேட்காமல் கொள்ளாமல் அவள் கையை என் ஜாக்கெட் பைக்குள் விட்டாள். என் கையை உள்ளே தேடிப் பிடித்தாள். குளிர்ந்து போயிருந்தது அவள் கை, எலும்பு எலும்பாக.

"குளிருதா?" என்றேன்.

"இல்ல. சும்மா" என்றாள்.

மலை இறங்கி முடிகிற சிம்பாங் பூலாய் வரைக்கும் கையை எடுக்கவில்லை. அன்றைக்குக் காலையில்தான் பாயிடம் பேசியிருக்கிறாள் என்று பஸ்ஸில் வைத்துத் தெரிந்தபோது, பக்கத்து சீட்டு மலாய்க்கார அம்மா டிஸ்யூ கொடுத்தார்.

இப்போது காசுகளைப் பாய் சொன்னபடி தனித்தனிக் காகித உறையில் போட்டு வைத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒரு தடவை உறையைப் பிரித்துப் பார்ப்பேன். தொடமாட்டேன். ஜீலாந்துக் காசின் ஓரத்தில் மட்டும் வெந்தயத் தண்ணீர் மாதிரி லேசாக ஒரு மஞ்சள் இறங்கியிருக்கிறது. அதைக் காட்டுவதற்கு ஆள் இல்லை என்பதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "வாணி, வந்து பாரேன்" என்று வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டேன் ஒரு நாள். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

இதைப் படிக்கிற அக்கா, அண்ணன், தம்பி, தங்கை எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். கோயிலுக்குப் போகிறவர்கள் கோயிலில், தொழுகிறவர்கள் தொழுகையில், சர்ச்சுக்குப் போகிறவர்கள் அங்கே, கலைவாணி என்ற பெயரை ஒரு தடவை சொல்லுங்கள். இருபத்தாறு வயது. ஊசி குத்திக் குத்தி இரண்டு கையும் நீலமாகிப் போனவள். இனிமேல் அவளுக்கு எந்த வலியும் வேண்டாம் என்று கேளுங்கள். என் மேல் கொஞ்சம் கோபம் இன்னும் மிச்சம் இருந்தால், அதை இங்கே என்னிடமே விட்டுவிட்டு அவள் பாரம் இல்லாமல் போகட்டும் என்று கேளுங்கள். நான் தினமும் கேட்கிறேன். என் ஒருத்தன் குரல் போதவில்லையோ என்று பயமாக இருக்கிறது. எல்லாரும் சேர்ந்து கேளுங்கள்.